கட்டை ரெண்டும் இருக்கு, மாப்பிள்ளை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, சார். சைக்கிளோடு சரி. அந்தச் சைக்கிளையும் என் மகள் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள், இந்த வயதில் எங்கேயாவது விழுந்து வைப்பேன் என்று. அதனால் காரைப் பற்றி நான் இப்போது சொல்லப்போவதெல்லாம் மாப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஏதாவது தப்பாக இருந்தால் அது நான் புரிந்துகொண்டதில் உள்ள தப்பு. அவர் சொல்லிக்கொடுத்ததில் தப்பே இருக்காது.

போன வருஷம் நீங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதையும் சொல்லிவிடலாம் என்றுதான் இன்றைக்கு ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நான் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவைச் சிகிச்சை அங்கி என்று வாழ்நாள் முழுக்க வெள்ளைத் துணிகளோடு காலம் தள்ளினேன். ஓய்வு பெற்ற கையோடு மனைவி போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள். மாப்பிள்ளைக்கு அப்பா அம்மா கிடையாது. கல்யாணமானதும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது வாயைக் கிண்டினால், "வீட்டோட மாப்பிள்ளை இல்லங்க, மாமாவோட மாப்பிள்ளை" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அவருக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. பெரிய கட்டிடங்களில் லிஃப்ட்டுகளைப் பரிசோதித்துப் பாதுகாப்பாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறவர். அந்தப் புத்தி வீட்டுக்கும் வரும். எங்கள் பழைய காரை மெக்கானிக்கிடம் விடவே மாட்டார். அதற்குக் கிழவி என்று பெயர் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு, "மாமா, கிழவிக்கு முட்டி வலியாம், வாங்க பார்க்கலாம்" என்று கூப்பிடுவார். நான் டார்ச் அடிப்பேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். மனைவி போன பிறகு நான் யாருக்காவது உபயோகமாக இருந்தேன் என்றால் அது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

வேலையை ஆரம்பிக்கும் முன்பு அவர் ஒவ்வொன்றாகச் செய்வதைப் பார்க்கவே அழகாக இருக்கும். தரை கெட்டியாக இருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்ப்பார். தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு மரக்கட்டை வைத்து அடைப்பார். கியரில் போடுவார். அப்புறம்தான் ஜாக்கி. "மாமா, ஜாக்கி தூக்கத்தான். தாங்கறது ஸ்டாண்ட். ஜாக்கிய நம்பி அடியில போறவன் எமனுக்கு மிஸ்டு கால் கொடுக்கறான்" என்பார். அடிப்பாகத்தில் எந்த இடம் கனத்தைத் தாங்குமோ அந்த இடத்தில் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, காரை மெதுவாக அவற்றின் மேல் இறக்குவார். பிறகு இரண்டு கையாலும் காரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்ப்பார். அசையவில்லை என்றால்தான் அடியில் போவார். அதற்கும் முன்னால், கழற்றிய சக்கரங்களைப் படுக்கவைத்துக் காருக்கு அடியில் தள்ளிவிடுவார். ஸ்டாண்ட் சரிந்தாலும் கார் அந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்காரும், ஆள் மேல் முழுசாக விழாது. "லிஃப்ட்ல கயிறு அறுந்தா பிடிச்சு நிறுத்த இன்னொண்ணு இருக்கும் மாமா. எப்பவும் இன்னொண்ணு இருக்கணும்."

நானும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். அவர் ஏதாவது மறந்துவிட்டாரா என்று சரிபார்ப்பது என் வேலையாகிவிட்டது. அவர் மறந்ததே இல்லை.

பிறகு அவருக்கு வெளிநாட்டில் பெரிய பதவி வந்தது. அதே கம்பெனிதான். மகளுக்கும் அங்கே பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைக்கும் என்றார்கள். பேத்திக்குப் பள்ளிக்கூடமும் பார்த்தாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான், சார். யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? தெருவில் எல்லோரிடமும் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"ஆறு மாசம் போகட்டும் மாமா, உங்களையும் கூட்டிக்கிறோம்" என்றார் மாப்பிள்ளை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது மகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் ஒருநாள் அவளே சொன்னாள்.

"அப்பா, அங்க குளிர் ஜாஸ்தி. உங்க நெஞ்சுக்கு ஒத்துக்காது. தினமும் வீடியோல பேசலாம்ப்பா. இப்பல்லாம் தூரம்னு ஒண்ணு இருக்கா என்ன?"

"ஆமாம்மா, தூரம்னு ஒண்ணு இல்ல" என்றேன். வேறு என்ன சொல்வது? போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்ல அப்பா எவனும் அப்படிச் சொல்ல மாட்டான்.

பேத்திக்கு ஒரு பழக்கம். மதியம் தூங்கும்போது என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். பெட்டி கட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஒருநாள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டாள்: "தாத்தா, உங்க காத நான் எப்படி எடுத்துட்டுப் போறது?" பெட்டிக்குள் எது போகும், எது போகாது என்று வீடு முழுக்க அதே பேச்சாக இருந்ததில் குழந்தைக்கும் அதே யோசனை. நான் சிரித்தேன். அவள் தூங்கிய பிறகும் அசையாமல் படுத்திருந்தேன். அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். சோபா யாருக்கு, தொட்டிச்செடி யாருக்கு, கார் யாருக்கு. நான் இருந்த இடத்திலேயே இருப்பேன் என்பதால் என்னைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்கவில்லை.

காரை எதிர்வீட்டு வாத்தியார் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. ஹேண்ட் பிரேக் மட்டும் சரியாகப் பிடிக்காது. அப்படியே கொடுத்துவிடலாமே என்று மகள் சொன்னாள். மாப்பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் வீட்டு வாசல் மேடு. வண்டி பின்னால உருண்டு யாரையாவது இடிச்சிடுச்சுன்னா? சரி பண்ணிட்டே கொடுப்போம்." அதுதான் அவர். ஊரைவிட்டே போகிறவர், அடுத்தவன் வாசல் மேட்டைப் பற்றிக் கவலைப்பட்டார்.

அது ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் பேத்தியோடு கடைக்குப் போயிருந்தாள். கார் கேட்டைப் பார்த்து நின்றது. எங்கள் போர்ட்டிகோ தரை மழைத்தண்ணீர் போவதற்காகக் கேட் பக்கம் கொஞ்சம் சரிவாக இருக்கும். அது அவருக்குத் தெரியும். அதனால் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னால் கட்டைகளை வழக்கத்தைவிட அழுத்தமாகச் சுத்தியால் தட்டி வைத்தார். முதல் கியரில் போட்டார். பின்பக்கத்தைத் தூக்கினார், ஸ்டாண்டுகளை வைத்தார், ஆட்டிப் பார்த்தார், பின்சக்கரங்களைக் கழற்றி அடியில் தள்ளினார். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை, அவை கழன்று கிடந்தன; அந்தக் காரில் கியர் பிடிப்பது முன்சக்கரங்களை. ஆகவே அன்றைக்கு அந்தக் காரைப் பிடித்து வைத்திருந்தது கட்டைகளும் கியரும் மட்டும்தான்.

அவர் பக்கவாட்டில் படுத்து உள்ளே நகர்ந்தார். "மாமா, வண்டிக்குள்ள ஏறாதீங்க. வெளிய நின்னு கைய விட்டு ஹேண்ட் பிரேக்க இழுங்க. நான் சொல்லும்போது விடுங்க."

இழுத்தேன். விட்டேன். மறுபடியும் இழுத்தேன். அடியிலிருந்து அவர் கேபிளைத் திருகும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நடுநடுவே பேசிக்கொண்டிருந்தார். அங்கே போனால் பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். முதல் சம்பளத்தில் பேத்திக்குச் சறுக்குக் கட்டை வாங்கித் தருவாராம். "அவ உங்கள மாதிரி மாமா, பயந்தாங்கொள்ளி. நான்தான் பழக்கணும்."

ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்திலேயே கியர் இருக்கிறது, சார். என் கை அதன் மேல் போயிற்று. நியூட்ரலில் தள்ளினேன். அது கோபத்தில் செய்தது இல்லை. எனக்கு அவர் மேல் எப்போதும் கோபம் வந்ததில்லை. ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கட்டைகள் இருந்தனவே.

பிறகு முன்பக்கம் போய்க் குனிந்து ஒரு கட்டையை எடுத்தேன். இறுகிப் போயிருந்தது, அசைத்து அசைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது கட்டை அந்தப் பக்கம். காரின் முன்னால் சுற்றிக்கொண்டு போகவேண்டும். போகும் வழியில் கேட்டுக்கு வெளியே வாத்தியார் பால் பாக்கெட்டோடு போனார். "என்ன, வேலை நடக்குதா?" என்றார். "நடக்குது" என்றேன். அவர் ஒரு நிமிஷம் நின்று பேசியிருந்தால் நான் திரும்பியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவருக்கும் அவசரம்.

இரண்டாவது கட்டையை எடுத்தபோது கார் ஒரு சின்ன முனகல் முனகியது. மாப்பிள்ளையின் கை நின்றுவிட்டது.

"மாமா, வண்டி லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. கட்டை ரெண்டும் இருக்கா, பாருங்க."

நான் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"கட்டை ரெண்டும் இருக்கு, மாப்பிள்ளை" என்றேன்.

"சரி, அப்ப ஒண்ணும் பயமில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் திருக ஆரம்பித்தார். நான் சொன்னால் அவருக்குப் போதும். வெளியே வந்து பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் சாகவேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இதை மட்டும் நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அடியில் தள்ளிய சக்கரங்களை நான் தொடவே இல்லை. ஒரு கால் முறியட்டும், பயணம் தள்ளிப்போகட்டும், அந்தப் பதவியை வேறு யாருக்காவது கொடுத்துவிடட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு கால், அவ்வளவுதான். அவருடைய கால்கள் இரண்டும் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

நீங்கள் நினைப்பது போலக் கார் தானாக உருளவில்லை. சரிவு போதவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தார். நடக்காது போலிருக்கிறது, கட்டைகளைத் திரும்ப வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேதான் பின்பக்கம் வந்தேன். கட்டைகளைக் கீழே வைத்தேன். டிக்கியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றினேன். ஆஸ்பத்திரியில் ஈரத்துணி ஏற்றிய தள்ளுவண்டிகளை வருஷக்கணக்காகத் தள்ளியவன் நான். கனமான எதையும் முதுகால் தள்ளக்கூடாது, காலை ஊன்றித் தொடையால் தள்ளவேண்டும். அப்படித்தான் தள்ளினேன். இரண்டாவது தடவை தள்ளியபோது ஸ்டாண்டுகள் சாய்ந்தன.

சத்தம் பெரிதாக வரவில்லை. கார் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. அவர் கத்தவில்லை, காற்று வெளியேறும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "மாமா" என்றார்.

"இதோ வந்துட்டேன் மாப்பிள்ளை" என்றேன். கட்டைகளை எடுத்துப் போய் முன்சக்கரங்களுக்குச் சற்றுத் தள்ளிப் போட்டேன், நழுவியது மாதிரி. அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

தெருவே ஓடி வந்தது. ஆளாளுக்கு அவர் காலைப் பிடித்து இழுக்கப் பார்த்தார்கள். நான்தான் விடவில்லை. முதலில் முன்சக்கரத்தை அடைக்கச் சொன்னேன். ஜாக்கியை வைத்துத் தூக்கினேன், ஸ்டாண்டுகளை நிறுத்தினேன், ஆட்டிப் பார்த்தேன். ஒரு பலகையில் அவரைப் படுக்கவைத்து உடம்பு மடங்காமல் எடுத்தோம். பெரியவர் நிதானமாக இருந்ததால்தான் உயிர் பிழைத்தது என்று டாக்டர் சொன்னார். நீங்களும் அன்றைக்கு என் தோளைத் தட்டிக்கொடுத்தீர்கள், ஞாபகம் இருக்கும்.

முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

அதற்குப் பிறகு அவரைப் பார்த்துக்கொண்டது முழுக்க நான்தான். மகள் வேலைக்குப் போகவேண்டுமே. படுத்தே இருக்கிறவருக்கு விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் புண் வந்துவிடும். எனக்குத் தெரியாத விஷயமா? ஒரு புண் வரவிட்டதில்லை. திருப்பிப் படுக்கவைப்பேன், துடைத்துவிடுவேன், முகம் மழிப்பேன், கை நன்றாக இருந்தாலும் சோறு பிசைந்து ஊட்டுவேன். ஒரு தாய்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பெட்டிகளைப் பரண்மேல் ஏற்றினோம். பேத்தி பழைய பள்ளிக்கூடத்துக்கே போனாள். மதியம் தூங்கும்போது என் காது அவள் கையில் இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்த மாதங்களில் நான் நிம்மதியாக இருந்தேன். வீட்டில் எல்லோரும் இருந்தோம்.

அவர்தான் நிம்மதியாக இல்லை. வலியைவிட அவரைத் தின்றது வேறு ஒன்று. கூரையைப் பார்த்துக்கொண்டு அன்றைக்குச் செய்த ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். தரையைப் பார்த்தேன், கட்டை வைத்தேன், தட்டினேன், கியர் போட்டேன்... அங்கே வந்து நின்றுவிடுவார்.

"கியர் நியூட்ரல்ல இருந்துச்சாம் மாமா. நான் போட்டேன்னுதான் நினைச்சேன். போடலியா?"

"விடுங்க மாப்பிள்ளை. மனுஷன்தானே. மறக்கறது சகஜம்."

"நான் மறக்கறவன் இல்லியே மாமா. இத்தனை லிஃப்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதுலயும் இப்படித்தான் எதையாவது விட்டிருப்பேனா? யாராவது ஏறியிருப்பாங்களே."

அழுவார். நான் துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு, அப்படியெல்லாம் இருக்காது என்று சமாதானம் சொல்வேன். பழைய கட்டிடங்களுக்கெல்லாம் போன் போட்டு லிஃப்ட்டுகளை மறுபடியும் பரிசோதிக்கச் சொன்னார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஆபீசில் சிரித்திருப்பார்கள். எனக்கு அது பாவமாக இருந்தது. ஒரு வார்த்தையில் அந்தப் பாரத்தை இறக்கிவிட்டிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அவரை யார் பார்த்துக்கொள்வது?

இப்போது கம்பெனி மறுபடியும் கூப்பிடுகிறது. உட்கார்ந்தபடியே புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. அவரைவிடப் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று பெரிய அதிகாரியே பேசினாராம். அங்கே முதுகெலும்புச் சிகிச்சைக்கென்றே ஒரு ஆஸ்பத்திரியும் இருக்கிறதாம். முதலில் அவர் வேண்டாம் என்றார், தன்னால் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது என்று. மகள் விடவில்லை. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"அப்ப நான்?" என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டேன், சார்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எங்களுக்காக ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்கப்பா. இனிமேலாவது ஓய்வெடுங்க."

நேற்று அவரைச் சக்கர நாற்காலியில் வாசல் பலகைச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தேன். நாற்காலியின் கைப்பிடி என் கையில். கீழே சிமெண்ட் தரை. அவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே பத்திரமாக இறக்கினேன். அந்த மாதிரி ஆள் இல்லை நான். வேறு நல்ல வழி இருக்கும்போது எதற்காக அவரை மறுபடியும் நோகடிக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் காலையிலேயே குளித்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

நான் செய்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். கியரைத் தள்ளியது நான், கட்டைகளை எடுத்தது நான், இருக்கிறது என்று பொய் சொன்னது நான், காரைத் தள்ளியதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். எந்தத் தண்டனையாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். இந்த மாதிரி வழக்கில் அடிபட்டவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும், இல்லையா? மகளையும் விசாரிப்பீர்கள். வழக்கு முடிகிற வரைக்கும் சாட்சிகள் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது வருஷக்கணக்கில்கூட இழுக்குமாம். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி நீங்களே அவளுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள், சார். நான் சொன்னால் கேட்க மாட்டாள்.